தற்போதைய பயன்பாடு: ஏதுமில்லை

இருநூற்றுப் பதினான்காவது மரத்தைச் சுற்றி நாடாவை இழுத்தாள்.

இருபத்தொரு சென்டிமீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தண்ணீர் வற்றிய சேற்றில் மூச்சு வேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் இங்கே ஆராய்ச்சிக்கு வந்தபோது ஓர் இலைகூடக் கிடையாது. இன்று தலைக்கு மேல் பச்சை. நட்ட கன்றுகளில் நூற்றுக்கு எண்பத்தாறு பிழைத்துவிட்டன. இதற்கு முன் இப்படி ஓர் அலையாத்திக் காட்டை அவள் வளர்த்ததில்லை.

நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் வேம்பு. காக்கிச் சட்டை. கழுத்தில் விசில். இந்தக் காட்டுக்குக் காவல் அவள்தான்.

"நீ கன்னியம்மா மகதானே? அப்பவே கேக்கணும்னு நெனச்சேன். அம்மா எப்படி இருக்காங்க?"

வேம்பு நாடாவைச் சுருட்டினாள்.

"அம்மா போயி மூணு வருசமாச்சு, மேடம். முகத்துவாரத்துல."

அடுத்த மரத்தின் எண்ணை எழுதப் போன பேனா நின்றது.

கன்னியம்மா. முதல் நாள் இந்தச் சேற்றில் அவள் இடுப்புவரை புதைந்தபோது, கையைக் கொடுத்து இழுத்துப் போட்டவள். இழுத்துப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவள்.

அப்போதெல்லாம் கன்னியம்மாவோடு இருளர் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு பெண்கள் தினமும் வருவார்கள். முழங்கால் தண்ணீரில் குந்திக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. படகு கிடையாது. நீச்சலும் தெரியாது.

எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்த்தவள்தான்.

நடவு அனுமதிக்காக அவள் நிரப்பிய படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. இடத்தின் தற்போதைய பயன்பாடு.

பெண்களைப் பற்றி எழுதினால் விசாரணை, கூட்டம், இன்னொரு வருடம். சேகரித்து வைத்த விதைகள் அதற்குள் அழுகிவிடும். மரம் வந்தால் இறால் பெருகும், எல்லாம் இவர்களுக்குத்தானே என்று நினைத்தாள். மனதார நினைத்தாள்.

ஏதுமில்லை என்று எழுதினாள்.

மரம் வந்தது. இறாலும் வந்தது.

வேலிக்குள்.

"திட்டத்துக்காரங்க சுத்தி வலையக் கட்டிட்டாங்க," என்றாள் வேம்பு. "அப்புறம் எங்க ஆளுங்க முகத்துவாரத்துக்குப் போக ஆரம்பிச்சாங்க. அங்க கடல் இழுப்பு ஜாஸ்தி. ஐப்பசி மாசம் அம்மாவ இழுத்துட்டுப் போயிருச்சு."

அழவில்லை. மரத்தின் பட்டையில் ஒட்டியிருந்த நத்தை ஒன்றை எடுத்து மேலே விட்டாள்.

"பாவம் பாத்து எனக்கு இந்த வேலையக் குடுத்தாங்க. நல்லாத்தான் வளந்திருக்கு, இல்ல மேடம்?"

நல்லாத்தான் வளர்ந்திருந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே.

"வேம்பு, அந்தப் படிவம்..."

சளக் என்று தண்ணீரில் ஒரு சத்தம்.

மரங்களுக்கு அந்தப் பக்கம், வேலி வலையின் கிழிசல் வழியாக ஒரு வயதான பெண் உள்ளே வந்திருந்தாள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

வேம்புவின் கை விசிலுக்குப் போகவில்லை.

அந்தப் பெண் தற்செயலாக நிமிர்ந்தாள். வேம்புவின் பக்கத்தில் நின்றவளின் தொப்பியைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

பறியை வாயிலிருந்து எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். காலை முழுதும் பிடித்த இறால் துள்ளித் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. காலிப் பறியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். சிரிக்க முயன்றாள்.

"வேண்டாம்! கொட்டாதீங்க, எடுத்துக்கங்க!"

தொப்பிக்காரியின் சத்தம் கேட்டு அந்தப் பெண் இன்னும் பயந்தாள். பறியை மறுபடி ஓர் உதறு உதறிவிட்டு, வந்த வழியே நுழைந்து போனாள்.



"நா மட்டும் இருந்தா கொட்ட மாட்டாங்க," என்றாள் வேம்பு.

பிறகு நாடாவை விரித்து, நுனியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே, மேடம்."