பாதியில் நின்ற கம்பி

"இதை நெடுகப் பொளந்து காட்டுங்க அண்ணாச்சி. உள்ள என்ன அடைச்சிருக்குன்னு என் கண்ணால பாக்கணும்."

தமிழ்செல்வன் கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். விரல் நீள எஃகுத் தண்டு. நடுவே குண்டூசி நுழைகிற அளவில் ஒரு துளை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக வேண்டிய துளை.

மங்கலம் ரோட்டில் மின்பொறியால் எஃகைத் துளைக்கும் மெஷின் வேல்குமாரின் பட்டறையில் மட்டும்தான் இருக்கிறது. அவர் தண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது எங்கீங்க வாங்குனது?"

"போன தீபாவளிக்கு டீலர் குடுத்த ஸ்பேரு. யாரு செஞ்சதோ தெரியாது. எங்க சாயப்பட்டறையில துணி வேகுற வெசல்ல, சேஃப்டி வால்வுக்குள்ள இருந்தது. பிரஷர் ஏறுனா ஆவி இது வழியாப் போயித்தான் வால்வைத் திறக்கணும். திறக்கல."

முந்தாநாள் அந்த வெசல் வெடித்து இரண்டு பேர் செத்தது ஊருக்கே தெரியும்.

"செத்ததுல ஒருத்தரு கந்தவேல். என் தங்கச்சி வீட்டுக்காரரு. மாசாமாசம் இதைச் சுத்தம் பண்றது என் வேலை. நான் பண்ணலைங்காரு மேனேஜர். அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு, அதுக்குள்ள காட்டிட்டு வான்னு குடுத்துவிட்டிருக்காரு. போலீஸுக்குக்கூட நான் பயப்படல அண்ணாச்சி. தங்கச்சி சட்டையைப் புடிச்சுக் கேக்கா, 'நீ ஒழுங்காத்தான் பண்ணியாண்ணே'ன்னு. அவளுக்கு நான் பதில் சொல்லணும்."

"பண்ணுனீங்களா?"

"சத்தியமா. கம்பியை விட்டுக் குத்துவேன். பாதி வரைக்கும் போவும், நின்னுடும். அவ்வளவுதான் துளைன்னு நெனச்சேன், மறுமுனை வரைக்கும் போவணும்னு இப்பத்தான் தெரியும்."

"மொத மாசத்துல இருந்தேவா?"

"மொத மாசத்துல இருந்தே."

வேல்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர், அடுத்தவன் கஷ்டத்தைக் கேட்டால் முகம் வாடிவிடும் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

"பொளந்தா ஜாமான் வீணாப் போயிருமுங்க தம்பி. ஆதாரத்தையே ஒடச்சுட்டான்னு அதையும் உங்க தலையிலதான் கட்டுவாங்க. ஓட்டைக்குள்ள ஸ்பார்க் உட்டுப் பாக்கலாம். அடைப்பு தண்ணியில வந்துருமுங்க."

தமிழ்செல்வன் சரி என்றான். விவரம் தெரிந்தவர் சொல்லும்போது வேறு என்ன சொல்வான்?

தண்டை மெஷினில் நிறுத்தினார். மெல்லிய பித்தளைக் குழாய் துளைக்குள் இறங்கியது. தண்ணீர் பீய்ச்ச, பொறி படபடத்தது. ஸ்டூலைக் காட்டியும் தமிழ்செல்வன் உட்காரவில்லை. இருபது நிமிஷம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் தண்டின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உப்புங்க," என்றார் வேல்குமார், திரும்பாமலே. "சாயத்துக்குப் போடற உப்பு. கல்லாட்டம் எறுகிக் கெடந்துருக்குது."

"மொத மாசத்துலயேவா அண்ணாச்சி எறுகும்?"

"நம்மூரு போர்த் தண்ணிக்கு ஒரு வாரமே போதுமுங்க. கம்பி நின்னப்பவே நீங்க யாரையாச்சும் கேட்டிருக்கோணும்."

தமிழ்செல்வன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கேக்கலையே அண்ணாச்சி. ஒருத்தர்கிட்டயும் கேக்கலையே. அப்போ நான்தான் மச்சானைக் கொன்னுட்டேன்."

வேல்குமார் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். தண்டைத் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்து, அவன் கையில் வைத்தார்.

"மனசைத் தேத்திக்கோங்க. இன்ஸ்பெக்டர் கேட்டாலும் நானே வந்து சொல்றனுங்க."

"வேண்டாம் அண்ணாச்சி, நானே ஒத்துக்கிடுதேன். மொதல்ல தங்கச்சிகிட்ட சொல்லணும்." எழுந்து கும்பிட்டான். "மூணு நாளா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க."

அவன் பைக் கிளம்பிப் போன பிறகு, வேல்குமார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினின் தண்ணீர்த் தட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். போன தீபாவளி நெருக்கடியில், மெஷினில் ஏற்ற நேரமில்லாமல் அவர் சாதா ட்ரில்லில் துளைத்தபோது அந்தத் தண்டின் நடுவில் ஒடிந்து சிக்கிக்கொண்ட ட்ரில் பிட்டின் துணுக்குகள் விரலில் தட்டுப்பட்டன. அன்று துளையின் இரண்டு வாயையும் மட்டும் மெருகேற்றி, அந்தத் தண்டை டீலருக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான்.