நாலு கதவு

"அந்த உளியை இப்படிக் கொடுங்க அண்ணே."

தாட்சாயணி காரின் பின்கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றித் தட்டில் வைத்தாகிவிட்டது. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ரெக்ஸின் உரிந்து வாழைச் சருகு மாதிரி தொங்கியது. அதன் பின்னால் பலகை ஈரத்தில் ஊதி, ஓரமெல்லாம் சிலும்பியிருந்தது. நாலு கதவுக்கும் அதே கதி.

டிரைவர் பாலையா உளியை நீட்டினார். "இன்ஜினை ஓட வெச்சிட்டேன். டயரும் தாங்கும். ஆனா இது ரெக்ஸின் கடைக்காரன் வேலைம்மா. ஒரே நாள்ல ஆவுமா?"

"ஆவணும். காலையில ஆறு மணிக்குக் கிளம்பினாத்தான் பத்து மணி முகூர்த்தத்துக்குத் திருப்பதி போய்ச் சேர முடியும்."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம். நகரிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அப்பா திருவேங்கடம் இறந்த பிறகு ஆறு வருஷமாகக் கார் மாட்டுக் கொட்டகையில்தான் நின்றது. கூரையில் ஒழுகிய மழையெல்லாம் கதவுக்குள் இறங்கியிருந்தது.

ஆணி ஆணியாக நெம்பிப் பலகையைப் பிரித்தாள். பிரித்து நிமிர்ந்தபோது எதிரே சித்தப்பா உமாபதி நின்றிருந்தார்.

"புத்தூர்ல இருந்து ஒரு டாக்சியும் வராது. சொல்லி வெச்சிட்டேன்."

"தெரியும் சித்தப்பா. ரெக்ஸின் கடையிலயும் சொல்லி வெச்சிருக்கீங்க. அதனாலதான் நானே உட்கார்ந்துட்டேன்."

"நம்ம ஊர் ஆந்திராவா மெட்ராஸான்னு இங்க அடிச்சிக்கினு கிடக்கறோம். இந்த நேரத்துல சந்திரகிரியில இருந்து ஒரு தெலுங்குக்காரனைக் குடும்பத்துக்குள்ள கொண்டாரணுமா?"

தாட்சாயணி சந்திரகிரிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சித்தப்பா சொன்ன அந்தத் தெலுங்குக்காரர் நாகையாவும் அங்கேதான் வாத்தியார்.

"ரெண்டு வருஷமா அவரைப் பார்த்துக்கினுதான் இருக்கேன். விசாரிச்சதும் நான். போய்க் கேட்டதும் நான். அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க."

"பொட்டச்சி தானே போய்க் கேட்டாளாம்! வெக்கமா இல்ல?"

"இல்ல."

சித்தப்பா காரின் கூரையில் ஓங்கித் தட்டினார். "எங்க அண்ணன் கார்லயா இந்தக் கல்யாணத்துக்குப் போவீங்க?"

"எங்க நைனா கார். அதனாலதான் இதே கார்ல போகணும்ங்கறேன்."

"போங்க. நம்ம சொந்தத்துல ஒருத்தனும் அங்க வந்து நிக்கமாட்டான்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் மறுபடி குனிந்தாள். பழைய பசையைக் கத்தியால் சுரண்டி, பலகைகளை வெயிலில் காயவைத்தாள். ஒன்று கையிலேயே உதிர்ந்துவிட்டது. தேயிலைப் பெட்டியை உடைத்து, அதன் பலகையை அளவாக அறுத்துக்கொண்டாள். டப்பாவில் வச்சிரப் பசையைக் காய்ச்சிச் சூடாகத் தடவி, பழைய ரெக்ஸினையே மேலே ஒட்டினாள். சூட்டில் விரல் கொப்புளித்துப்போனது.

"மேல ஒரு துப்பட்டியைப் போட்டு மூடிடலாமே. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் பாலையா.

"பட்டுப்புடவை ஆணியில மாட்டும். அதுவுமில்லாம, ஓட்டைக் கார்ல ஒளிஞ்சிக்கினு வந்தாங்கன்னு யாரும் பேசக்கூடாது அண்ணே. தலை நிமிர்ந்து வந்து இறங்கணும்."

மத்தியானத்துக்கு மேல் அம்மா பொன்னியம்மா மோர் கொண்டுவந்தாள். மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கல்யாண வீட்டுப் பொண்ணு கையா இது? தாட்சா, இவ்ளோ வீம்பு வேணாமே. இப்பக்கூட நிறுத்திடலாம்."

"எதை? கார் வேலையையா, கல்யாணத்தையா?"

அம்மா கண் கலங்கி நின்றாள்.

"ரெண்டும் நிக்காது. நீ உள்ள போம்மா."

மூன்று கதவுகள் முடிந்தன. நாலாவதில் ரெக்ஸின் சுருங்கி, இரண்டு விரற்கடை போதவில்லை. இழுத்துப் பார்த்தாள். டர்ரென்று கிழிந்தது. பாலையா தலையில் கை வைத்துக்கொண்டார்.

தாட்சாயணி கிழிசலை விரித்து அளவு பார்த்தாள். பிறகு எழுந்து பின்சீட்டைத் தூக்கி, அடியில் மடித்திருந்த ரெக்ஸினை அளந்து வெட்டினாள். கோணி ஊசியால் தைத்துச் சேர்த்தாள். முதலிலிருந்து பசை தடவி, மேலே அம்மிக்கல்லையும் வேர்க்கடலை மூட்டையையும் ஏற்றினாள். பொழுது சாய்வதற்குள் நாலு பலகையும் கதவில் ஏறி உட்கார்ந்தன.

"கடைக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்மா," என்றார் பாலையா. தையல் கொஞ்சம் கோணல்தான். அவர் அதைச் சொல்லவில்லை.

காலை ஆறு மணி. பாலையா வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர் வீட்டுச் சுவரோரம் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாட்சாயணி யாரையும் பார்க்கவில்லை. பின்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நேரமாச்சு. மணப்பொண்ணு வரலாம்," என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பட்டுப்புடவை சரசரக்க, ஆறு வருஷத்துக்குப் பிறகு தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாகப் பொன்னியம்மா படியிறங்கி வந்தாள்.

"ஏறி உட்காரும்மா," என்றாள் மகள். "வாத்தியார் உனக்காகக் காத்துக்கினு இருப்பார்."