சுத்தியலோடு வந்த மாப்பிள்ளை

முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடி சில்லுசில்லாகக் கூடத்துக்குள் கொட்டியது. இரண்டாவது அடியில் சட்டமும் போக, சுத்தியலோடு உள்ளே குதித்தார் மாப்பிள்ளை.

அவ்வளவு சத்தத்துக்கும் மாமனார் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து எழுந்து நிற்கும் வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

பதினைந்து வருஷம் பாலம் கட்டிய இன்ஜினியர் மாப்பிள்ளை. கம்பெனியை மூடிவிட்டார்கள். ஹீட்டர், ஏ.சி. வேலை கற்றுக்கொள்ளப் போன வாரம்தான் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தார். அன்றிலிருந்து மாமனாருக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வேறெதுவும் தேவைப்படவில்லை.

"ஆத்துக்கு மேல நெஞ்ச நிமித்தி நின்னவரு, இனிமே அடுத்தவன் வீட்டு ஹீட்டர் முன்னால குப்புறப் படுக்கப் போறாராம்!"

இன்று காலையும் விடவில்லை. "கூடத்துல கேஸ் ஹீட்டருக்கு மேல எவனோ சுவத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கான். குளிர் காத்து உள்ள வருது. இதையாச்சும் அடைக்கத் தெரியுமா, இன்ஜினியர் சார்?"

சுவரில் மயிரிழை விரிசல் கண்டாலே கை அரிக்கிற மனுஷன் மாப்பிள்ளை. உடனே சிமென்ட் குழைத்து, முகம் பார்க்கலாம் போலப் பூசிவிட்டு வகுப்புக்குப் போனார்.

போனவர், வாத்தியார் பாதிப் பாடத்தில் இருக்கும்போதே எழுந்து ஓடி வந்துவிட்டார். இதோ, மாமனாரின் சட்டைக் காலர் அவர் கையில்.

"விடுடா..." என்று குழறினார் மாமனார்.

ஹீட்டரின் திருகை உடைந்துவிடும்போல முறுக்கி அணைத்தார் மாப்பிள்ளை. அதன் மேலும் கோபம் போலிருக்கிறது. பிறகு பெரியவரைக் கண்ணாடித் துண்டுகள் மேலேயே தரதரவென்று முற்றத்துக்கு இழுத்துப்போனார். இடது கன்னத்தில் ஓர் அறை. வலது கன்னத்தில் ஒன்று.

"என்னைப் பாருங்க! பாருங்கன்னு சொல்றேன்ல!"

பக்கத்து வீட்டிலிருந்து மாமனாரின் மகன் இரும்புக் குழாயோடு சுவரேறிக் குதித்தான். இத்தனை வருஷமாக 'அத்தான், அத்தான்' என்று குழைந்த வாய் அது.

"டேய்! எங்கப்பா மேலயா கை வைக்கிற?"

முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. இரண்டாவது நெற்றியில். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நானாக இருந்தால் குழாயைப் பார்த்ததுமே காலில் விழுந்திருப்பேன். மாப்பிள்ளை திருப்பி அடிக்கவும் இல்லை, மாமனாரின் முகத்தை விடவும் இல்லை.

மூன்றாவது அடிக்குக் குழாய் எழும்பியபோது, மாமனார் மாப்பிள்ளையின் சட்டை முழுக்க வாந்தி எடுத்தார். மடமடவென்று காற்றைக் குடித்தார். கண் திறந்தது.

"நாலு வார்த்தை நக்கல் பண்ணதுக்கா, மாப்ள... என்னைக் கொல்லப் பாத்தீங்க?"

மாப்பிள்ளை ரத்தத்தைத் துடைக்காமல், கண்ணீரை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"கொல்லப் பாத்தது காலையில, மாமா. நான் அடைச்சது ஹீட்டரோட விஷப்புகை வெளிய போற வழி."