பேச்சியம்மாளின் கீரைப் பாத்தி

“முகத்தைத் திருப்பிக்க பேச்சி. இதைப் பார்த்தா காலையில குடிச்ச கோப்பி வெளிய வந்துரும்” என்றார் கங்காணி கனகராஜ்.

பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பாத்தி முழுவதும் நத்தைகள். உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். தொட்டால் விரலோடு நூலாக இழுபடும் சளி.

லாபிஸ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் அது. ரப்பர் விலை விழுந்து கூலி பாதியான வருஷம். தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், அவர்கள் தோட்டம் போடவென்று ஒதுக்கிய நிலம், ஆறு வருஷமாக லாலான் புல் மண்டி, கங்காணியின் ஏழு மாடுகளுக்கு மட்டும் பயன்பட்டது.

பெண்கள்தான் எஸ்டேட் துரையிடம் போய் அந்த நிலத்தைக் கேட்டார்கள். “மூணு மாசம் தர்றேன், வேலி போட்டுக்கங்க. லேபர் ஆபீசர் பாக்க வரும்போது பச்சையா இருக்கணும். இல்லாட்டி வேலியைப் புடுங்கிருவேன்” என்றார் துரை.

பேச்சியம்மாளுக்கு அந்தப் பாத்திதான் எல்லாம். மகளுக்கு மாலைக்கண், பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடந்தாள். தினம் கீரை கொடு என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொல்லியிருந்தார்.

“ஒங்க மாட்டுக்குப் புல்லு இல்லாமப் போச்சேண்ணே?” என்றாள் ஒருநாள்.

“மாடு கெடக்குது போ. புள்ளைக்குக் கண்ணு தெரிய வேணாமா?” என்றார் கனகராஜ்.

அன்றிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வந்துவிடுவார். மேலே சாக்கு மூடியிருக்கும். வரும்போது கனத்தில் ஒரு தோள் சாய்ந்திருக்கும். உள்ளே உப்புத்தண்ணீராம், நத்தையைச் சாகடிக்க. போகும்போது தகரத்தை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி போவார்.

ஆனாலும் நத்தை குறையவில்லை. கீரை, வெண்டி, பயற்றங்கொடி எல்லாம் காம்பு காம்பாக நின்றன. இலை இருந்த இடத்தில் வெள்ளிக் கோடாகச் சளி காய்ந்து பளபளத்தது. அழுகிய நாற்றம் லயம் வரைக்கும் வந்தது.

“அலமாக், கடவுளே! நீங்க கொல்லக் கொல்ல வருதேண்ணே. எங்கேருந்துதான் வருதோ!” என்றாள் பேச்சியம்மாள்.

“சனியன், மண்ணுக்குள்ள குட்டி போடுது போல” என்று காறித் துப்பினார் கங்காணி.

லேபர் ஆபீசர் வேலியோரம் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். துரை சொன்னபடியே மறுநாள் வேலி போனது. கனகராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாடுகளை உள்ளே ஓட்டினார். “அவரு ஒருத்தர்தான் நமக்காகப் பாடுபட்டாரு” என்று லயமே பேசிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, மகளுக்காக ஒரு கட்டுக் கீரையாவது வாங்கலாமென்று பேச்சியம்மாள் லாபிஸ் சந்தைக்குப் போனாள். ஆற்றுக்கு அக்கரை எஸ்டேட்டைச் சேர்ந்த செல்லம் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். இலையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

“ஒங்க பக்கம் நத்தையே இல்லியா செல்லம்?”

“இருந்துச்சுக்கா, மலை மாதிரி. ஒங்க கங்காணிதான், மகராசன், தெனமும் விடியுறதுக்குள்ள ஆத்தைத் தாண்டி வந்து, உசுரோட தகரத்துல பொறுக்கிட்டுப் போனாரே!”