நின்றால் ஓடும் நெஞ்சு

இஸ்திரிக் கூடத்தில் வேலை நேரத்தில் யாரும் உட்காருவதில்லை. அப்படியொரு விதியை எவரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. நீராவியில் ஜன்னல் வெளிச்சம் பாலாய்க் கலங்கியிருக்கிறது. கீழே விழுந்த சட்டையை எடுத்து நிமிரும் இஸ்திரி போடும் பெண்ணுக்குக் கண் இருட்டுகிறது, நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறது. "ஆரம்பிச்சுட்டா நாடகத்தை! இன்னொரு தடவை மயங்கினா வேலைக்கே வராதே," என்கிறார் மேற்பார்வையாளர். அவள் குந்தி, கழுத்து நரம்பில் விரல் வைக்கிறாள். துடிப்பு மெல்ல அடங்குகிறது. எழுகிறாள், மறுபடியும் அதே ஓட்டம். "என்னடி, தோப்புக்கரணமா?" என்கிறாள் பக்கத்து மேசை அக்கா. "உட்கார்ந்தா அடங்குதுக்கா, நின்னாத்தான் ஓடுது. நான் நடிக்கலக்கா." சொல்லும்போதே அவள் குரல் உடைகிறது, இத்தனை நாள் அவளே தன்னை நம்பியிருக்கவில்லை. மூலையில் மேற்பார்வையாளருக்கென்று கிடக்கும் காலி நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே உட்காருகிறாள்.