ஆரோன் வீட்டுப் பங்கு

"ஏட்டி தங்கப்பூ, அங்கன பாரு. இன்னைக்கும் அவ எடுக்குதா!"

நேசம்மாள் கோயில் ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். உள்ளே, சபையைக் கவனித்துப் பிரசங்கம் செய்யும் உபதேசியாரின் மனைவி சொர்ணபாய், காணிக்கை அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது குற்றாலம் ரோட்டுச் சபையில் பெண்களின் வழக்கம். எல்லார் பையையும் சொர்ணபாய்தான் உள்ளே கொண்டுபோய் ஓலைப்பெட்டியில் தட்டிவிட்டு, காலிப் பையைத் திருப்பிக் கொடுப்பாள். அப்புறம் அரிசி ஏலத்துக்கு வரும்.

"கல்லு பொறுக்குதாளோ என்னமோ, மதினி."

"கல்லு பொறுக்குதவளுக்கு மூட்டை எதுக்கு? மூணு வாரமா பாக்கேன். காலையில அவ புருஷன் பிரசங்கத்தைக் கேட்டியா? அந்தக் காலத்துல இஸ்ரவேல் ஜனங்க மாவு படைச்சா, ஆசாரியன் ஒரு பிடியை மட்டும் பலிபீடத்துல போட்டு எரிப்பானாம். மிச்சமெல்லாம் ஆசாரியனான ஆரோன் வீட்டுப் பங்காம். இன்னைக்குன்னு பாத்து எதுக்கு அந்தப் பிரசங்கம்?"

"சும்மா இருங்க மதினி. பாவம், நாலு பிள்ளைங்க..."

"இல்லன்னா வாய்விட்டுக் கேக்கட்டும். கள்ளத்தனம் எதுக்கு? வயித்தைக் கட்டிப் போடுதது நாம, வடிச்சுத் திங்கது அவுகளா?"

தென்காசியிலிருந்து மாதம் ஒரு தரம் வருகிற குருவானவர் அன்றைக்கு வந்திருந்தார். நேசம்மாள் சாரலில் நனைந்துகொண்டே போய் அவரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் முகம் சுருங்கியது. "யோசிச்சுச் சொல்லுங்க நேசம்மா. இது நிஜமா இருந்தா, நாளைக்கே அவங்க வேலையும் போயிரும், வீட்டையும் காலி பண்ணணும்."

"நீங்களே வந்து பாருங்க ஐயா."

சொர்ணபாய் மூட்டையும் கையுமாக அகப்பட்டாள். சத்தம் கேட்டு உபதேசியார் ஞானசிகாமணியும் வந்து நின்றார்.

"அவிழும்மா," என்றார் குருவானவர்.

அவிழ்த்தாள். மக்கிப்போன அரிசி. நூல் பிடித்துக் கட்டிகட்டியாகக் கிடந்தது. வண்டுகள் நாலா பக்கமும் ஓடின.

"என்னம்மா இது?"

"வாராவாரம் ஒருத்தங்க பையில இதுதான் வருது ஐயா. பெட்டியில தட்டினா எல்லார் அரிசியும் கெட்டுப்போவும். அதான் இதைத் தனியா எடுத்துட்டு, அதே அளவுக்கு எங்க வீட்டு அரிசியைப் போட்டிருதேன்."

"இதை என்ன செய்வீங்க?"

"புடைச்சுக் கழுவிக் கஞ்சி வைப்போம். காணிக்கையாச்சே, எறிய மனசு வரல."

"கொண்டுவந்தது யாரு?"

சொர்ணபாய் மூட்டையைத் திரும்பக் கட்டத் தொடங்கினாள்.

உபதேசியார் குறுக்கே வந்தார். "அது வேண்டாம் ஐயா. பாவநிவாரண பலியில ஆசாரியனுக்குப் பங்கு கொடுத்ததே ஜனங்க குத்தத்தைச் சுமக்கத்தானே? இன்னைக்கு நம்ம ஊழியமும் அதுதானே?"

குருவானவர் நேசம்மாள் பக்கம் திரும்பினார். "சபையில எல்லாத்தையும் கவனிக்கிறது நீங்கதான் நேசம்மா. நீங்க சொல்லுங்க, யாரு?"

"எனக்கு... எனக்கு எப்படித் தெரியும் ஐயா?"

அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த காலிப் பையிலிருந்து ஒரு வண்டு இறங்கி, அவள் முழங்கையில் ஊர்ந்தது.

சொர்ணபாய் மெல்ல அவள் பக்கத்தில் வந்து, குருவானவர் பார்ப்பதற்குள் அதைத் தட்டிவிட்டாள்.