பயணத்துக்கு முன் ஒரு பரீட்சை

ஹெல்மெட்காரன் தன்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியபோது, அவன் கைகளை வாகாகப் பின்னால் கொடுத்தான். வாயில் டேப் ஒட்டும்போது மீசையில் படாதபடி முகத்தைக்கூடச் சற்றுத் தூக்கினான்.

அவன் மனைவி அப்படி இல்லை. அடுப்படியிலிருந்து வாணலியோடு ஓடி வந்து ஹெல்மெட் மேலேயே ஒரு போடு போட்டாள். ஹெல்மெட்காரன் அவள் வலது கையைப் பிடித்து முறுக்கி, மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். மணிக்கட்டில் ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

"பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்களே, ஏதாவது பண்ணுங்க" என்று கதறினாள்.

மச்சான், கொஞ்சம் ஓவராப் போற என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

போன வாரம் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் பேசி முடித்த விஷயம் இது. வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஒரு வருஷம் மலை, காடு, பாலைவனம் என்று குடும்பத்தோடு சுற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக வாங்கிய பழைய வேனில் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கொடுத்தது மெக்கானிக்கான மச்சான்தான். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று ஒரு சாவியைத் தன் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தான்.

மனைவி மட்டும் மசியவில்லை. "நடுக்காட்டுல ஒருத்தன் கத்தியோட வந்தா இதுங்க என்ன பண்ணும்? அதைக் காட்டுங்க. அப்புறம் பையைத் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"காட்டிடுவோம் மாப்ள" என்றான் மச்சான். "சனிக்கிழமை சாயங்காலம் மூஞ்சிய மூடிக்கிட்டு வர்றேன். ஆனா ரெண்டு அடி விழுந்தாத்தான் நம்புவா. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"உன் தங்கச்சி. உன் பாடு."

"சின்ன வயசுல ஸ்கேலால என் மண்டையைப் பொளந்தவ. நான் இன்னும் மறக்கலை."

இப்போது அவள் மண்டியிட்டு, உடைந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்காரன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான்.

"வண்டிச் சாவி எங்க?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது.

அப்போதுதான் பெரியவள் வெளியே வந்தாள். பதினொரு வயது. பயணத்துக்காக அப்பா சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. தம்பியைப் பின்வாசல் பக்கம் தள்ளி, "பெட்டிக்குப் போ" என்று மட்டும் சொன்னாள்.

பெட்டி என்பது வேனில் கட்டிலுக்கு அடியில் இருப்பது. காற்றுக்குத் துளை, உள்பக்கம் தாழ்ப்பாள். ஆபத்து என்றால் சின்னவன் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவோ அப்பாவோ கூப்பிடும்வரை மூச்சு காட்டக் கூடாது.

தம்பி இருட்டில் ஓடி வேனுக்குள் ஏறியதை ஜன்னல் வழியே பார்த்ததும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் தூக்கி வந்து ஹெல்மெட்காரனின் தொடையில் ஊற்றினாள். அவன் மாடு மாதிரி அலறினான். விட்ட உதையில் பெரியவள் பறந்து போய்ச் சுவரில் மோதினாள். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவளை இழுத்து நிறுத்திக் கழுத்தில் கத்தியை வைத்தான்.

இதெல்லாம் பேச்சில் இல்லை. நாற்காலியில் இருந்தவன் திமிறிப் பார்த்தான். கயிறு சதையில் இறங்கியது.

மனைவி இடது கையால் அலமாரியைத் துழாவி, சாவியைத் தூக்கி எறிந்தாள். "எடுத்துத் தொலைடா." அவன் போகிற போக்கில் அவள் விலாவில் ஒரு உதை விட்டுவிட்டுப் போனான். வாசலில் வேன் உறுமிக் கிளம்பியது.

பெரியவள்தான் காய் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தாள். அவன் டேப்பைப் பிய்த்தான். மீசையில் பாதி அதோடு வந்தது.

"பதறாதே. அது உங்க அண்ணன். நானும் அவனும் சேர்ந்து போட்ட நாடகம்."

மனைவி அவனையே பார்த்தாள். பிறகு இடது கையால் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவன் வாயைத் துடைப்பதற்குள் இன்னொன்று விட்டாள்.

"பொண்ணு மூஞ்சியைப் பாருய்யா. வரட்டும் அவன். பல்லைத் தட்டிக் கையில குடுக்கறேன்."

"தட்டு. நானே பிடிச்சுக் குடுக்கறேன்." மகளின் நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டே சொன்னான். "எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு. ஆனா நீங்க யாரும் நடுங்கி நிக்கலையே, அதைப் பாரு. சின்னவன் எங்கம்மா?"

"பெட்டிக்குள்ளப்பா" என்றாள் பெரியவள். "வண்டியில ஏறுனதை நான் பாத்தேன்."

அவனுக்குப் பெருமையில் சிரிப்பே வந்துவிட்டது. "ஆறு வயசு. ஒரு சத்தம் போட்டானா? மாமா தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்துவான். நாம போய்க் கூப்பிட்டாத்தான் வெளியவே வருவான். இப்ப சொல்லு, பையைத் தூக்கறியா இல்லையா?"

அவள் உடைந்த கையைத் தாங்கிக்கொண்டு, வேன் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசல் கதவு படாரென்று திறந்தது. முகத்தை மூடிய உல்லன் குல்லா, அதற்குக் கீழே மச்சானின் தொப்பை, மச்சானின் கிரீஸ் சட்டை. அட்டையில் வெட்டிய கத்தியை நீட்டியபடி உள்ளே குதித்து, கட்டைக் குரலில் சொன்னான்:

"யாரும் அசையக் கூடாது."